இருப்பதிலேயே மோசமான மண்

காய்த்துக்கொண்டிருக்கிற செடியைப் பிடுங்கிப் பார்க்கிறவர் அவர். வாடிய செடியை யார் வேண்டுமானாலும் பிடுங்குவார்கள். தோட்டத்தில் எது தளதளவென்று நிற்கிறதோ அதன் தூருக்குத்தான் அவர் கை போகும்.

திருவொற்றியூரில் எங்கள் தோட்டத்துக்கு முதன்முதலாக வந்த அன்றும் அதைத்தான் செய்தார். குடையை மடக்கி வேலியில் மாட்டினார். வரப்பில் இரண்டு நடை நடந்தார். என் மாமியார் பிள்ளையைப் போலப் பார்த்துப் பார்த்து வளர்த்திருந்த ஒரு கத்திரிச் செடியிடம் போய் நின்றார். ஒரே இழுப்பு. செடி கையோடு வந்துவிட்டது.

மாமியார் குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"யம்மா! யாரும்மா நீ? காய்ச்சுகினு கீற செடியப் புடுங்கிகினு நிக்கிறியே, உனுக்கு இன்னா கேடு?"

வந்தவர் வேரிலிருந்த மணலை உதறி எங்கள் முகத்துக்கு நேரே நீட்டினார். வேர் முழுக்க ஜவ்வரிசியைக் கோத்ததுபோல முடிச்சு முடிச்சாக இருந்தது.

"பெரியம்மா, இருக்கறதிலேயே நல்ல செடிக்கே வேர் இப்படி இருக்கு. மத்ததுக்கெல்லாம் எப்படி இருக்கும்?"

"கத்திரி வேருன்னா அப்டித்தான் இருக்கும்னு நெனச்சேன். எங்க மாமியா காலத்துலேர்ந்தே அப்டித்தான் கீது."

"அப்ப அவங்க காலத்துலேர்ந்தே புழு இருக்கு."

ஒரு முடிச்சை நகத்தால் கீறி, கைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து என்னிடம் கொடுத்தார். மணல் பருக்கையில் பாதிகூட இராத ஒரு வெள்ளை முத்து தெரிந்தது. நூற்புழு என்றார். வெறும் கண்ணுக்குத் தெரியாது, வேருக்குள் குடியேறி உட்கார்ந்தபடியே செடியைக் குடித்துவிடும், வெயிலும் மணலும் அதற்குச் சொர்க்கம் என்றார். உங்கள் கத்திரிக்கு நடவுக்கு முன் வேப்பம்புண்ணாக்கு போடுங்கள், புழு அடங்கும் என்று சொல்லிவிட்டு, எதற்காக வந்தாரோ அதைக் கேட்டார்.

"உங்க தோட்டத்துல இருக்கறதிலேயே மோசமான மண்ணு எங்க இருக்கு? அந்த இடத்தை எனக்குக் குத்தகைக்கு விடுங்க."

மாமியார் என்னைப் பார்த்தார். 'லூசு' என்று சொல்லாமல் சொல்கிற பார்வை. வடக்கு மூலையில் ஒரு துண்டு இருந்தது. எதை வைத்தாலும் முழங்கால் உயரத்தில் நின்று மஞ்சளாகிப் போகும். அதைக் கைகாட்டினார். வந்தவர் அங்கே போய்க் குந்தி ஒரு பிடி மண்ணை அள்ளிப் பார்த்தார். நல்ல வரன் கிடைத்த பெண் வீட்டார் முகம்போல அவர் முகம் மலர்ந்ததை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

எங்கள் தெருவில் அவருக்குக் கெயங்கம்மா என்று பெயர் வந்தது. கிழங்கம்மா என்று சொல்ல எங்கள் பக்கத்து நாக்கு வளையாது. நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். ராயபுரத்தில் மாதா கோவிலுக்குப் பக்கத்துச் சந்தில் வீடு. அவருடைய அப்பா ஹார்பரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அக்கா செடி கொடிகளைப் பற்றிப் படித்து, மலையில் சர்க்கார் உருளைக்கிழங்குப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். மலையிலும் இந்தப் புழு வந்துவிட்டது. அதற்கு மசியாத ஒரு கிழங்கை உண்டாக்க வேண்டும் என்பதுதான் அவருடைய வேலை. எங்கிருந்தோ கடல் கடந்து வந்த காட்டுக் கிழங்கு ஒன்றின் பூந்தூளை எடுத்து நல்ல கிழங்கின் பூவில் தடவுவாராம். அதில் வருகிற காயிலிருந்து விதை எடுத்து முளைக்க வைப்பாராம். அப்படிப் பிறந்த ஒவ்வொரு நாற்றும் ஒவ்வொரு மாதிரி இருக்குமாம்.

"அதுக்கு எதுக்குக்கா இங்க வரணும்? இந்த மணல்ல உருளைக்கிழங்கு கோலிக்குண்டு அளவுகூட வராதே?" என்று கேட்டேன்.

"கிழங்கு எனக்கு வேண்டாம். வேர் போதும். மலையில புழுவுக்கு எதிரா நிக்கிற செடி, மண்ணு சூடானா நிக்க மாட்டேங்குது. குளிர்ல எல்லாரும் யோக்கியம்தான். வெயில்ல வந்து நிக்கட்டும், பாப்போம்."

அதனால் வருஷந்தோறும் மார்கழியில் ஈரச் சாக்கில் சுற்றிய குட்டிக் கிழங்குகளோடு மலையிலிருந்து இறங்குவார். ராயபுரத்திலிருந்து ரயிலேறி எங்கள் தோட்டத்துக்கு வருவார். தை போய் மாசி வந்து மணல் சுடத் தொடங்கும்வரை செடிகளைக் காத்து, பிறகு ஒன்றுவிடாமல் பிடுங்கிப் பார்ப்பார். வருஷந்தோறும் எல்லா வேரிலும் முடிச்சு இருக்கும். எல்லாவற்றையும் குவித்து எரித்துவிட்டு மலையேறுவார்.

ரயிலில் அவருக்குத் துணை காசிமேட்டு மீன்காரப் பெண்கள். என் வீட்டுக்காரர் ஹார்பரில் கிரேன் ஓட்டினார். ஒருநாள் அதே பெட்டியில் வந்ததால் இதை நேரில் கேட்டிருக்கிறார்.

"இன்னாம்மா கூடைல?" என்று ஒரு மீன்காரம்மா கேட்டாராம்.

"மண்ணு. உள்ள புழு இருக்கு."

"தூண்டிலுக்கா?"

"இல்ல. கண்ணுக்கே தெரியாத புழு."

"கண்ணுக்கே தெரிலன்னா எப்டிம்மா முள்ளுல மாட்டுவே?"

பெட்டியே சிரித்ததாம். அதிகம் சிரித்தது அக்காதானாம்.

பிடுங்குகிற பழக்கம் அவருக்கு எங்கள் தோட்டத்தோடு நிற்கவில்லை. ராயபுரம் கடைத்தெருவில் கீரைக்கட்டை வாங்கினால் இலையைப் பார்க்க மாட்டார், தலைகீழாகத் திருப்பி வேரைப் பார்ப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் வெளியே வரும்போது, பங்குச் சாமியார் ஆசையாக வளர்த்த தக்காளிச் செடியைப் பிடுங்கி, "சாமி, சுத்தமா இருக்கு! முடிச்சே இல்ல!" என்று சந்தோஷமாகக் காட்டியிருக்கிறார். சாமியார் செடியையும் பார்த்து, குழியையும் பார்த்து, "நல்லது மகளே. இனி அதை நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டாராம்.

கல்யாணப் பேச்சிலும் இதே கதைதான். ரயில்வேயில் வேலை பார்த்த ஒருவர் பெண் கேட்டு வந்தார். எல்லோருக்கும் பிடித்திருந்தது. அக்கா அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "உங்களுக்குக் கோபம் வந்தா என்ன செய்வீங்க?" அவர், "எனக்குக் கோபமே வராதுங்க" என்றார். அக்கா வேண்டாம் என்றுவிட்டார்.

"நல்ல மனுசன வுட்டுட்டியே. ஏன்?" என்று மாமியார் அடித்துக்கொண்டார்.

"கோபமே வராதுன்னா, இன்னும் எந்தக் கஷ்டமும் வந்து அவரைத் தொடலைன்னு அர்த்தம் பெரியம்மா. வந்த பிறகு எப்படி இருப்பாரோ?"

"அப்டிப் பாத்தா எவன்தான் தேறுவான்? ஒருத்தனும் தேற மாட்டான்."

அக்கா சிரித்துக்கொண்டே மண்ணைக் கிளறப் போய்விட்டார். அந்தச் சிரிப்பு எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. ஆனால் அவருக்காக வருத்தப்பட நான் யார் என்றும் தோன்றியது. எங்கள் வடக்கு மூலையில் முழங்கால் மடித்து உட்கார்ந்திருக்கும்போது அவரைவிட நிறைவான ஒரு மனுஷியை நான் பார்த்ததில்லை.

அவர் வரத் தொடங்கிச் சில வருஷங்களுக்குப் பிறகு அது நடந்தது.

உருளை வரிசைகளுக்கு நடுவே அக்கா எப்போதும் எங்கள் ஊர்க் கத்திரியையும் நடுவார். அதற்குச் சாட்சி என்று பெயர் வைத்திருந்தார். கத்திரியைப் புழு விடவே விடாது. சாட்சியின் வேரில் முடிச்சு இருந்தால் அந்த மண்ணில் புழு இருக்கிறது என்று உறுதி. அதே மண்ணில் ஓர் உருளைச் செடி முடிச்சில்லாமல் நின்றால் அது உண்மையிலேயே ஜெயித்த செடி.

அந்த வருஷம் தை பிறக்கும்போது வடக்கு மூலை கண்கொள்ளாக் காட்சியாக இருந்தது. உருளைச் செடிகள் கரும்பச்சையாக மண்டி நின்றன. ஒன்றுகூட மஞ்சளாகவில்லை. அக்கா வேலியருகிலேயே நின்றுவிட்டார். தெருவில் போன ஒருவர், "ஷோக்கா கீதும்மா!" என்று சொல்லிவிட்டுப் போனார். மாமியார் கிணற்றடியில் நின்று, ஒன்றும் தெரியாதவர்போல எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா முதலில் உருளைச் செடி ஒன்றைப் பிடுங்கினார். வேர் வெள்ளை வெளேரென்று இருந்தது. இன்னொன்று. அதுவும் அப்படியே. என்னைப் பார்த்த அவர் கண்ணில் நீர் கோத்திருந்தது. நான் கைதட்டியே விட்டேன்.

அதற்குப் பிறகு சாட்சியைப் பிடுங்கினார்.

அந்தக் கத்திரியின் வேரும் வெள்ளையாக இருந்தது.

அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டே குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்தார். எனக்கும் அந்தக் கசப்பு வாசனை வந்தது.

"பெரியம்மா," என்று கூப்பிட்டார். "இங்க புண்ணாக்கு போட்டீங்களா?"

மாமியார் மறைக்கவில்லை. "போட்டேன். நடவுக்கு முன்னாலயே நல்லா கொத்தி வுட்டேன். நீதானே சொன்னே, புயு அடங்கும்னு?"

"உங்க கத்திரிக்குத்தானே சொன்னேன்."

"வருசா வருசம் வந்து செத்த செடியா புடுங்கிப் புடுங்கிப் பாத்துகினு குந்திகினு கீறே. எங்க தோட்டத்துல வந்து ஒருத்தி இப்டி மொகம் வாடிப் போறத எத்தினி வருசம் நான் பாத்துகினு இருக்கறது? மன்சு கேக்கல."

"உங்க கத்திரிக்குப் போட்டீங்களா?"

"இல்ல. கைல இருந்தது அம்மாந்தான். உனுக்கே போட்டுட்டேன்."

அக்கா மணலில் அப்படியே உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்று ஒருமுறைதான். ஒரு வருஷம் வீணானதற்கான அழுகை என்றுதான் முதலில் நினைத்தேன். அது மட்டும் இல்லை என்று, மாமியாரின் கையை அவர் பிடித்துக்கொண்ட விதத்தில் தெரிந்தது.

பிறகு மாமியாருக்கு விளக்கிச் சொன்னார். புண்ணாக்கு போட்டால் புழு அடங்கும், பொய்யில்லை. ஆனால் வருஷந்தோறும் போட வேண்டும், போடாத வருஷம் திரும்பி வரும். எதுவும் போட வழியில்லாத ஏழை மண்ணில் தானாகவே நிற்கிற செடியைத்தான் தேடுகிறேன். நல்ல மண்ணில் நிற்கிற செடி எனக்கு ஒன்றுமே சொல்லாது.

மாமியார் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அட கெயங்கம்மா! அப்ப உன் பரீட்சையயே நான் கெடுத்துப்புட்டனா?"

"இன்னும் குளிர் இருக்கு. மிச்சக் கிழங்கு ராயபுரத்து வீட்ல கொஞ்சம் வச்சிருக்கேன். ஆனா மண்ணுதான்..."

மாமியார் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவுக்குப் போனார். வடக்கு மூலையின் மண்ணைக் கெடுத்தது அவர், கெட்ட மண்ணைத் தேடிக் கொடுக்க வேண்டியதும் அவர்தான் என்று முடிவு கட்டிவிட்டார். திருவொற்றியூர் முழுக்கச் செய்தி பரவியது: கெயங்கம்மாவுக்கு மோசமான மண் வேண்டும்.

அடுத்த சில நாட்கள் எங்கள் வேலியோரம் திருவிழாப்போல இருந்தது. மணலி ரோட்டுத் தோட்டக்காரர்கள் தலைச்சுமையாகக் கொண்டுவந்தார்கள். தண்டையார்பேட்டையிலிருந்து வெண்டைத் தோட்டம் வைத்திருந்த பாய் ஒருவர், கைவண்டியில் மூட்டைகளோடு வந்து இறங்கினார். மாதவரத்திலிருந்துகூட ஒருவர் வந்தார். ஒவ்வொருவர் மண்ணையும் அக்கா உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தார். கூடவே கொண்டுவந்த செடியின் வேரையும் பார்த்தார்.

"நம்ம மண்ணுல வெண்டைக்கா வெரல் நீளம் வந்தா அதிசயம்மா. இதுமேரி நாஸ்தியான மண்ணு மெட்ராஸ்லயே கெடயாது," என்றார் பாய்.

"போ பாய், டபாய்க்காத," என்று மணலிக்காரர் சண்டைக்கு வந்தார். "என் மண்ணுல பில்லுகூட மொளைக்காது. தெரியுமா?"

அதுவரை தங்கள் மண்ணைப் பற்றி வெளியே சொல்லக் கூச்சப்பட்டவர்கள், அது யாருடையதைவிட மோசம் என்று மார்தட்டிக்கொண்டார்கள். நெட்டுக்குப்பத்து மீனவர் ஒருவர் இரண்டு கூடை மண்ணோடு வந்தார். அக்கா அதை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது உப்பு மண்ணுங்க. இதுல புழுவே பொழைக்காது," என்று திருப்பிக் கொடுத்தார். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஏன், எங்க மண்ணு மட்டும் இன்னா நல்ல மண்ணா?" என்று கேட்டுவிட்டுக் கூடையோடு திரும்பிப் போனார். மறுநாள் மாமியார் அவர் வீட்டுக்குப் போய்ச் சமாதானம் சொல்லிவிட்டு வந்தார்.

என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து பள்ளம் தோண்டிக் கொடுத்தார். வந்த மண்ணையெல்லாம் தனித்தனியாகக் கொட்டி, ஒவ்வொன்றிலும் உருளையும் சாட்சிக் கத்திரியும் நட்டோம். மாசியில் மணல் காலைச் சுட்டபோது பிடுங்கினோம். மண் கொடுத்தவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள்.

இந்த முறை அக்கா சாட்சிகளை முதலில் எடுத்தார். ஒவ்வொரு கத்திரி வேரும் மணிமாலைபோல வந்தது. "பாத்தியா, என்னுது!" என்று பாய் குதித்தார். அப்புறம் உருளைச் செடிகள். ஒன்றன்பின் ஒன்றாக முடிச்சு, முடிச்சு, முடிச்சு. பாயின் மண்ணில் ஒன்றுகூடத் தேறவில்லை. அவருக்கு அதில் பெருமை. மணலி மண்ணில் கடைசியாக இருந்த ஒரு செடியை அக்கா பிடுங்கி, மணலை உதறி, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா? இன்னா கீது?" என்றார் மாமியார்.

"ஒண்ணுமில்ல, பெரியம்மா," என்றார் அக்கா. "ஒண்ணுமே இல்ல."

"அப்ப ஜெயிச்சுட்டே!"

"இந்த வருஷம்," என்றார் அக்கா.

அதுதான் அவர். அடுத்த வருஷம் மலையில் இருப்பு வைத்திருந்த அதே ரகக் கிழங்கை அதே மோசமான மண்ணில் நட்டு, வேறொரு மண்ணிலும் நட்டுப் பார்த்தார். மணலி மண்ணில் நின்றது பாயின் மண்ணில் தோற்றது. எனக்குத்தான் அழுகை வந்தது. அவர் அலட்டிக்கொள்ளவில்லை.

"ஒரே ஒரு பூட்டு போட்ட வீடு இது. புழு என்னிக்காவது சாவி கண்டுபிடிச்சிடும். வேற வேற பூட்டு ரெண்டு மூணு போடணும். ஒண்ணத் தெறந்தாலும் இன்னொண்ணு நிக்கும். அப்பதான் ரொம்ப காலம் தாங்கும்."

தோற்ற கிழங்கையே இன்னொரு கிழங்கோடு கலந்தார். அதன் பிள்ளைகளைக் கொண்டுவந்தார். எங்கள் கத்திரிக்கோ அந்த வருஷத்திலிருந்து புண்ணாக்கு தவறவில்லை, காய்ப்பும் தவறவில்லை. அக்கா வரும்போதெல்லாம் மாமியார் கொழுத்த செடி ஒன்றைக் காட்டி, "புடுங்கிப் பாரேன்," என்று சீண்டுவார். அக்கா உடனே பிடுங்கிவிடுவார்.

அப்புறம் ஒரு மார்கழியில் அவர் ஒரு சாக்குப்பை நிறையப் பெரிய கிழங்குகளோடு வந்தார். எல்லா மோசமான மண்ணிலும் நின்ற ஒரு செடி, மலையில் பெருகிக் கொடுத்த கிழங்கு. "சமைச்சுப் பாருங்க. ஆபீஸ்ல எல்லாரும் நல்லா இருக்குன்னாங்க," என்றார். மாமியார் மிளகாய்த்தூள் போட்டு வறுத்தார். எங்கள் எல்லோருக்கும் சோறு போட்டு, தான் முதலில் ஒரு துண்டை வாயில் வைத்தார். மென்றார். நிறுத்தினார்.

"கெயங்கம்மா, தப்பா நெனச்சுக்காத. புயு இத்த ஏன் தின்னலன்னு எனுக்கு இப்பத்தான் தெரியுது."

கசப்பு. காட்டுக் கிழங்கின் ரத்தம். அக்கா ஒரு துண்டைத் தின்று பார்த்தார். இத்தனை வருஷமும் அவர் வேரைப் பார்த்தாரே தவிர, கிழங்கைச் சரியாக ருசி பார்த்ததே இல்லை. என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். அக்கா சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துப் புரையேறி, மாமியார் தலையில் தட்டித் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

"ஆபீஸ்ல ஒருத்தர்கூட சொல்லல, பெரியம்மா. மேல இருக்கறவகிட்ட யார் சொல்லுவாங்க?"

"நான் சொல்றேன். நீ கொண்டா, நான் தின்னுட்டுச் சொல்றேன்."

அன்றிலிருந்து வருஷந்தோறும் இரண்டு பைகள் வந்தன. ஒன்று மண்ணுக்கு, ஒன்று மாமியாரின் நாக்குக்கு. அடுத்த வருஷம், "கசப்பு கொறஞ்சுகீது. ஆனா மாவு இல்ல, வயவயன்னு கீது," என்றார். அதற்கடுத்த வருஷம், "பரவால்ல. எதிரி வூட்டுக்குக் குடுக்கலாம்," என்றார். அக்கா ஒவ்வொரு சொல்லையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு மலையேறுவார். தலையில் வெள்ளை முடி தெரிய ஆரம்பித்திருந்தது. மாமியாருக்கும் கண் மங்கத் தொடங்கியிருந்தது.

அவர் வரத் தொடங்கிப் பத்து வருஷம் தாண்டிய சமயம், ஒரு நண்பகல். வழக்கம்போல வறுவல். அக்கா தன் தட்டில் கை வைக்கவில்லை, எதிரே இருந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமியார் ஒரு துண்டை எடுத்துச் சோற்றோடு பிசைந்து வாயில் போட்டார். மென்றார். கை தானாகப் போய் இன்னொரு துண்டை எடுத்தது. பிறகு இன்னொன்று.

"எப்படி இருக்கு, பெரியம்மா?" என்றார் அக்கா.

மாமியார் நிமிரக்கூட இல்லை.

"வாய்ல சோறு கீது. சும்மா குந்து."